கையால் வாங்காத தண்ணீர்

ஜூன் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமாக இருக்கிறீர்களா? சரியாகத் தூங்குகிறீர்களா? அம்மாவும் நானும் நலம். இந்த வரியை எழுதியே தீர வேண்டும் என்று அம்மா சொன்னதால் எழுதினேன். உண்மையில் இங்கே யாரும் நலமில்லை.

உங்களைச் சேர்த்திருக்கும் அந்த மறுவாழ்வு இல்லத்தில் போன் கிடையாது, பதினெட்டு வயது ஆகாதவர்கள் பார்க்க வரவும் கூடாது என்று தெரிந்தபோது அழுதேன். கடிதம் எழுதலாம் என்றார்கள். உடனே அழுகை நின்றுவிட்டது. பேசுவதைவிட எழுதுவது எனக்கு நன்றாக வரும் என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

முக்கியமான செய்திக்கு வருகிறேன். உங்களைக் காட்டிக்கொடுத்தது யார் என்று தெரிந்துவிட்டது. உங்கள் குடையைக் கொடுக்கக் கம்பெனி வேன் டிரைவர் வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றாமலே நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார். "அன்னைக்கு அப்பாகூடப் பறக்க வேண்டிய நெட்டையர் இருக்காரே, அவர்தான் பாப்பா. கேப்டன் ஊதிக் காட்டாம நான் ஏற மாட்டேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டாரு."

கொக்கு மாமா! நம் வீட்டு சோபாவில் உட்கார்ந்தால் முழங்கால் தாடையைத் தொடுமே, அந்த மனிதர். அந்தப் பெயரை வைத்ததே நான்தான். கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாரே என்று எவ்வளவு பிடித்திருந்தது! இனி 'மாமா' கிடையாது. வெறும் கொக்கு.

இருமல் மருந்தில்கூட ஆல்கஹால் இருக்கிறதாம், நூலகத்தில் படித்தேன். உங்களுக்கு அந்த வாரம் இருமல் இருந்தது. அதைக் கேட்கக்கூட அந்த ஆளுக்குப் பொறுமை இல்லை.

அன்று இரவு சாப்பிடும்போது அம்மாவிடம் சபதம் செய்தேன். கதைகளில் பழிவாங்குகிறவர்கள் எல்லாரும் ஏதாவது ஒன்றை விட்டுவிடுகிறார்கள், தலை முடிவதை, பஞ்சு மெத்தையை, இப்படி. எனக்கு மெத்தை இல்லாமல் தூக்கம் வராது. அதனால் இப்படிச் சொன்னேன்: "காட்டிக்கொடுத்த ஆள் கையால ஒரு மடக்குத் தண்ணி வாங்கிக் குடிச்சேன்னா, நான் எங்கப்பா பொண்ணே இல்ல."

அம்மா எனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தம்ளரை என்னிடம் நீட்டப் போனவள் மேசையிலேயே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என் சபதம் அவளை நெகிழ வைத்திருக்க வேண்டும்.

உங்கள் தொப்பியை அலமாரி மேல் வைத்து, தினமும் தூசி தட்டுகிறேன்.

இப்படிக்கு,
பழிக்குக் காத்திருக்கும் உங்கள் மகள்

---

ஜூன் 21

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உடம்பு பரவாயில்லை. கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, இங்கே மேசை ஆடுகிறது.

அறையில் இரண்டு கட்டில். பக்கத்துக் கட்டிலில் ஒரு பல் டாக்டர். நான் வந்த அன்று பெட்டியைத் தூக்க ஆள் வருவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். "கேப்டன், இங்க எல்லாருக்கும் ஒரே கிளாஸ்தான், நீங்களே தூக்கிக்குங்க" என்றார். காலையில் உடற்பயிற்சி, பிறகு வட்டமாக உட்கார்ந்து ஆளாளுக்குத் தன் கதையைச் சொல்ல வேண்டும். நான் சொல்வதில்லை. எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த ஆளைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அத்தனை பேர் முன்னால், என் பக்கத்தில் உட்கார்ந்து தொழில் கற்றுக்கொண்ட ஒருவன், என்னை ஊதச் சொன்னான். இத்தனை வருடம் பறந்ததில் யாரும் என்னை நோக்கி விரல் நீட்டியதில்லை. நான் வெளியே வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறேன். நீ படிப்பைப் பார்.

அம்மாவுக்கு உதவியாக இரு.

அன்புடன்,
அப்பா

---

ஜூலை 5

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய ஆவல். உங்கள் மேசைக்குக் கீழே அட்டையை மடித்து வையுங்கள், ஆடாது. நான் பள்ளியில் அப்படித்தான் செய்கிறேன்.

நீங்கள் வரும் வரை என்னால் காத்திருக்க முடியவில்லை. சிறிய அளவில் தொடங்கிவிட்டேன். கொக்கின் மகள் எனக்கு ஒரு வகுப்பு கீழே படிக்கிறாள் அல்லவா, கொக்குக்குஞ்சு? நாங்கள் இருவரும் நூலகத்திலிருந்து ஒரே கதையை மாற்றி மாற்றிப் படிப்போம். இப்போது அவளிடம் ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. பாதிகூட முடிக்கவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "சமையல்காரர்தான் கொன்னது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள். "நான் உனக்கு என்னக்கா பண்ணேன்?" என்று கேட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இன்னொரு விஷயம். வியாழக்கிழமை மாலைகளில் நூலகத்தின் மாடியில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படிப்பேன். எதிரே ஒரு பழைய கட்டடம். கீழே மதுக்கடை, சிவப்பு விளக்கு எரியும். கடைக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கதவு. போன வியாழன் அந்தக் கதவுக்குள் ஒருவர் தலையைக் குனிந்து நுழைந்தார். அவ்வளவு குனிய வேண்டிய உயரம் இந்த ஊரில் ஒருவருக்குத்தான். இந்த வியாழனும் பார்த்தேன். இருட்டிய பிறகுதான் வெளியே வந்தார். உங்களை ஊதச் சொன்னவர்!

அம்மா கண்ணாடிக் கடைக்கு வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வருகிறவர்களுக்கு மூக்கின் அகலத்தை அளந்து பிரேம் எடுத்துக் கொடுக்கிறாள். வேலைக்குப் போவதாலோ என்னவோ, என்னை முன்போலக் கவனிப்பதில்லை. தண்ணீர் கேட்டால் ஜக்கை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறாள். நேற்று மாத்திரை போட வேண்டியிருந்தது. "கையில கொடேம்மா" என்றேன். "அங்கதான இருக்கு, எடுத்துக்கோ" என்றாள். முன்பெல்லாம் காலையில் உங்கள் சட்டைப் பொத்தானைக்கூட அவள்தானே போட்டுவிடுவாள்? அதைப் பார்க்க எனக்கு அவ்வளவு பிடிக்கும். இப்போது அவள் கைக்கு வேலையே இல்லாதது போல இருக்கிறது.

இப்படிக்கு,
கண் கொத்திப் பாம்பாகக் காத்திருக்கும் மகள்

---

ஜூலை 16

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

நலம். பசி எடுக்கிறது, இது புதிது.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். அந்தக் கட்டடமா? சிவப்பு விளக்கா? அந்தக் கடை எனக்குத் தெரியும். அப்படியானால் ஐயாவும் நம்மைப் போலத்தான். நல்லது. எனக்குச் சட்டம் பேசியவன் வியாழன்தோறும் எங்கே குனிகிறான் என்று ஊருக்குத் தெரிய வேண்டிய நாள் வரும். நன்றாகப் பார்த்து வை.

இதை எழுதும்போது சிரித்துக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது. பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "கேப்டன், வந்ததிலேர்ந்து இன்னைக்குத்தான் உங்க பல்லைப் பாக்குறேன். ஆனா நல்ல சிரிப்பாத் தெரியல" என்றார். அவருக்கு எல்லாமே பல்.

அடுத்த ஞாயிறு அம்மா வருகிறாள். குடும்பத்தாரும் டாக்டர் முன்னால் உட்கார்ந்து மனதில் இருப்பதைப் பேச வேண்டுமாம். என்ன பேசப் போகிறோமோ.

அன்புடன்,
அப்பா

---

ஆகஸ்ட் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? அம்மா வந்துபோன பிறகு உங்களிடமிருந்து கடிதமே இல்லை. பசி இன்னும் எடுக்கிறதா?

நீங்கள் பார்த்து வைக்கச் சொன்னீர்கள். பார்த்ததோடு நிற்கவில்லை. ஒரு காரியம் செய்திருக்கிறேன். என்ன என்று இப்போது சொல்ல மாட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறவர்கள் நல்ல பழிகாரர்களாக இருப்பதில்லை. தபால் பெட்டிக்குள் கை போன இடம் வரை விட்டுத் தள்ளினேன், விழுந்த சத்தம் கேட்கும் வரை அங்கேயே நின்றேன், அவ்வளவுதான் சொல்வேன்.

அந்த ஞாயிறு நீங்கள் அம்மாவைத் திட்டினீர்களா? மாலைதான் திரும்புவேன் என்று போனவள், நான் மதியச் சாப்பாட்டை முடிப்பதற்குள் வந்துவிட்டாள். கண் சிவந்திருந்தது. பஸ்ஸில் தூசி என்றாள். போன ஞாயிறும் கிளம்பிப் போனாள். உங்களுக்காக எடுத்துப் போன பழங்களும் துவைத்த சட்டைகளும் பையில் அப்படியே திரும்பி வந்தன. "பாக்கலையா?" என்று கேட்டேன். "அப்பாவுக்கு இன்னைக்கு முடியலையாம்" என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது. உங்களுக்கு உடம்பு சரியில்லையா? அந்தக் கொக்கால் உங்களுக்கு ஏதாவது ஆனால், அவனை நான் சும்மா விட மாட்டேன். ('அவனை' என்று எழுதியதற்கு மன்னியுங்கள். அடித்துத் திருத்த மனம் வரவில்லை.)

அம்மா பழங்களை வெட்டி மேசையில் வைத்தாள். அவள் ஒன்றுகூடச் சாப்பிடவில்லை.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் மகள்

---

ஆகஸ்ட் 24

அன்புள்ள அப்பாவுக்கு,

இன்னும் பதில் இல்லை. நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இந்தச் செய்தி உங்களைக் குணப்படுத்திவிடும்.

கொக்கு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது! கம்பெனி பறக்கவிடவில்லை. கொக்குக்குஞ்சு பஸ்ஸில் தன் தோழியிடம் சொன்னதைக் கேட்டேன். "எங்கப்பாவைப் பத்தி யாரோ பேர் போடாம எழுதிட்டாங்களாம். அப்பா தினமும் போய் ஊதிட்டு வர்றாரு. ஊதினா ஒண்ணும் வரலை. ஆனாலும் விட மாட்டேங்கறாங்க." அவள் குடையின் கம்பியைத் திருகிக்கொண்டே பேசினாள்.

அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது என் கால் தரையில் படவில்லை. நீங்கள் பட்ட அதே அவமானம், அதே குழாய், அதே ஊதல். உங்கள் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக் கண்ணாடி முன் நின்றேன். காது வரை இறங்கியது.

ஒன்றே ஒன்று மட்டும் உறுத்துகிறது, உங்களிடம் சொல்லலாம். நான் பார்த்தது எல்லாம் உண்மை. மதுக்கடைக் கட்டடம், வியாழக்கிழமை, குட்டைக் கதவு, நூலக ஜன்னலிலிருந்து தெளிவாகத் தெரிவது, எல்லாமே. ஒரே ஒரு சொல் மட்டும் நான் சேர்த்தது. தள்ளாடிக்கொண்டு வந்தார் என்பது. அந்தச் சொல் இல்லாவிட்டால் வாக்கியம் முடிவடையாதது போல இருந்தது. நாளும் தெருவும் சரியாக இருக்கும்போது ஒரு சொல் என்ன செய்துவிடும்?

பதில் போடுங்கள் அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மானத்தைக் காத்த மகள்

---

செப்டம்பர் 7

அன்புள்ள மகளுக்கு,

நலம். இவ்வளவு நாள் எழுதாததற்குக் காரணம் உடம்பு அல்ல. மனசு ஒரு நிலையில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு நண்பர் வந்து என்னோடு உட்கார்ந்திருந்தார். நான் பேசாவிட்டாலும் உட்கார்ந்திருப்பார். இப்போது சில வாரமாக அவர் வருவதில்லை. ஏன் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.

உன் கடைசிக் கடிதம் இங்கே தலையணைக்குக் கீழே இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். இப்போதைக்கு ஒன்றே ஒன்று. அவரை விட்டுவிடு. காரணம் கேட்காதே.

அம்மா சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுது.

அப்பா

---

செப்டம்பர் 13

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அம்மா சாப்பிடுகிறாள். எங்கே, யாரோடு என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

காரணம் கேட்காதே என்றால் எனக்குக் கோபம் வரும் என்று தெரிந்தும் எழுதியிருக்கிறீர்கள். பார்த்து வை என்றவரும் நீங்கள், விட்டுவிடு என்பவரும் நீங்கள். பார்த்து வைக்கிற கண்ணை நினைத்தபோது மூடிக்கொள்ள முடியுமா?

நேற்று முன்தினம் வியாழன். கடையில் கணக்கெடுப்பு, வர நேரமாகும் என்று அம்மா காலையிலேயே சொல்லியிருந்தாள். நான் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். எதிரே குட்டைக் கதவு திறந்தது. கொக்கு குனிந்து வெளியே வந்து, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெருவிலிருந்து ஒரு பெண் வந்து உள்ளே போனாள். கண்ணாடிக் கடைச் சீருடை, நீலக் கைப்பை. எங்கள் அம்மா. உங்கள் எதிரி கதவைத் திறந்துவிட, மதுக்கடைக் கட்டடத்துக்குள் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் "கணக்கு முடிஞ்சுதாம்மா?" என்று கேட்டேன். "முடியற கணக்கா அது" என்றாள். ஜக்கை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டாள்.

எனக்குப் பதினைந்து வயது. எதையாவது மறைக்க வேண்டும் என்றால் நன்றாக மறையுங்கள், இல்லாவிட்டால் சொல்லிவிடுங்கள். நான் அவளிடம் கேட்கவில்லை. உங்கள் பதில் வரும் வரை கேட்கப் போவதுமில்லை. அதற்குப் பிறகு என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

இப்படிக்கு,
மகள்

---

செப்டம்பர் 21

அன்புள்ள புத்தகப்புழுவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி.

முதலில் மேசை. அது ஆடவில்லை. ஆடியது என் கை. அம்மா என் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டது நீ நினைத்த காரணத்துக்காக இல்லை. காலையில் என் விரல்களால் ஒரு பொத்தானைப் பிடிக்க முடியாது. எனக்கு இருமலும் இல்லை. இருமலுக்கு என்று சொல்லி மிட்டாய் மென்றது வாடையை மறைக்க.

அந்தக் கட்டடத்தில் கீழேதான் மதுக்கடை. குட்டைக் கதவைத் திறந்தால் மாடிப்படி. மேலே ஒரு வாடகை அறை, கொஞ்சம் நாற்காலிகள். குடியிலிருந்து மீண்ட விமானிகள் வியாழன்தோறும் அங்கே கூடுகிறார்கள். எங்கள் தொழிலில் இதற்கென்று ஓர் ஆதரவுக் குழு இருக்கிறது, விமானிகளே நடத்துவது. வீட்டில் இருப்பவர்களும் அவர்களை அழைக்கலாம், அம்மாவைப் போல வியாழக்கிழமை அங்கே போய் உட்காரவும் செய்யலாம். சிகிச்சைக்கு அனுப்புவார்கள், கூடவே ஒரு விமானி துணைக்கு வருவார், மருத்துவர்கள் தகுதி என்று சொன்னால் திரும்பப் பறக்க வழி செய்வார்கள். இவ்வளவும் எனக்கு இங்கே வந்த பிறகுதான் தெரியும். நீ ஜன்னலில் பார்த்ததை எழுதியபோது தெரியாது. தெரியாமல்தான் பார்த்து வை என்று எழுதினேன். தெரிந்திருந்தாலும் அன்றைக்கு இருந்த கோபத்தில் எழுதியிருப்பேனோ என்னவோ.

கொக்கு, நீ நடக்கப் பழகிய காலத்தில், இதே இல்லத்தில் இருந்தவன். அதிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டதில்லை. என்னோடு உட்கார்ந்திருந்த ஞாயிற்றுக்கிழமை நண்பர் அவன்தான். முதல் நாள் வாயில் வந்தபடி திட்டினேன். அவன் தேநீர் குடித்துக்கொண்டே கேட்டான். முடித்ததும், "அடுத்த வாரத்துக்கும் கொஞ்சம் வச்சுக்குங்க கேப்டன்" என்றான். அடுத்த வாரமும் வந்தான்.

பழைய குடிகாரன் என்பதால் அவனுடைய உரிமம் நிபந்தனையோடுதான் இருக்கிறது. மற்றவர்கள் மேல் மொட்டைக் கடிதம் வந்தால் ஒருநாள் ஊதிக் காட்டினால் போதும். அவனுக்குப் போதாது. மறுபடி தொடங்கிவிட்டான் என்று யாராவது சொன்னால், முதலிலிருந்து எல்லாப் பரிசோதனையும். அது முடியும் வரை பறக்கவும் முடியாது, இங்கே வந்து என்னோடு உட்காரவும் முடியாது. வந்த கடிதத்தில் நூலக ஜன்னல் இருந்ததாம். இதற்கு மேல் நான் ஒன்றும் எழுதவில்லை.

இனி அம்மா. அன்று காலை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் அந்தக் குழுவை அழைத்தாள். எடுத்தது கொக்கு, அன்று அவன் முறை. "இவரை இன்னைக்கு ஏற விடாதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். நான் குளித்து வந்தேன். என் பொத்தான்களை மேலிருந்து கீழே போட்டுவிட்டாள். காலரைச் சரிசெய்தாள். எதுவும் சொல்லவில்லை. விமான நிலையத்தில் அவன் முதலில் என் காதில்தான் சொன்னான், "உங்களுக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போங்க கேப்டன், மீதியை நான் பாத்துக்கறேன்" என்று. நான்தான் கத்தினேன். எல்லார் முன்னாலும் ஆக்கியது நான்.

கண்ணாடிக்கு அப்பால் பயணிகள் உட்கார்ந்திருந்தார்கள். உன் வயதில் ஒரு பெண், காலை மடக்கிக்கொண்டு ஏதோ கதை படித்துக்கொண்டிருந்தாள். அவளை ஏற்றிக்கொண்டுதான் நான் பறக்க இருந்தேன்.

அந்த ஞாயிறு டாக்டர் முன்னால் அம்மா இதைச் சொன்னபோது நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குப் பிறகு சில ஞாயிறுகள் அவளைப் பார்க்க மறுத்துவிட்டேன். பழங்கள் திரும்பி வந்தது அதனால்தான்.

உன் சபதத்தை அவள் என்னிடம் சொல்லியிருக்கிறாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அவளை இப்போது நான் காட்டிக்கொடுக்கிறேன்.

அப்பா

---

அக்டோபர் 8

அன்புள்ள உங்களுக்கு,

நலமென்று நம்புகிறேன். கடை இடைவேளையில் எழுதுகிறேன், பிரேம் துடைக்கும் துணி வாசனை அடித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து அவள் என்னோடு பேசவில்லை. ஜக்கை நான் மேசையில் வைத்தால் அதைத் தொடுவதில்லை. குழாயடியில் போய்க் கையைக் குவித்துக் குடிக்கிறாள். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தே குடிக்கிறாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. கூப்பிட்டுச் சொன்னவள் நான், அவள் தன் சொல்லைக் காப்பாற்றுகிறாள், இதில் கேட்க என்ன இருக்கிறது.

மறுபடி அந்தக் காலை வந்தாலும் போனைத்தான் எடுப்பேன். உங்களிடம் இதை முகத்துக்கு நேராகச் சொல்லியாகிவிட்டது. அவளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

நேற்று அவள் கொக்குத் தம்பி வீட்டுத் தெருமுனை வரை போய் நின்றுவிட்டுத் திரும்பி வந்ததை, கடைக்கு வந்த ஒருவர் சொன்னார்.

ஞாயிறு வருகிறேன். நீல சட்டையை எடுத்து வருகிறேன். பொத்தானை நீங்களே போட்டுக்கொள்கிறீர்களாமே, டாக்டர் சொன்னார்.

இப்படிக்கு,
நான்

---

அக்டோபர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நலமா? இங்கே நலம். இந்த முறை யாரும் எழுதச் சொல்லவில்லை, நானே எழுதுகிறேன்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மூன்றாவது தடவைதான் தெருமுனையைத் தாண்டினேன். கதவைக் கொக்குக்குஞ்சு திறந்தாள். என்னைப் பார்த்ததும், "சமையல்காரர் கொல்லலை. நீ தப்பாச் சொன்ன. முடிச்சிட்டேன்" என்றாள். அப்பா, நான் அந்தக் கதையின் கடைசிப் பக்கத்தைத் தவறாகப் படித்திருக்கிறேன். ஒரு பழிகூட எனக்குச் சரியாக வரவில்லை.

அவர் உள்ளே துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். சீருடைச் சட்டை. பறக்க விடாவிட்டாலும் போட்டு வைக்கிறார் போலிருக்கிறது. நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்ததில் ஒரே வாக்கியம்தான் வாயில் வந்தது. "நீங்க தள்ளாடிக்கிட்டு வரல. அதை நான்தான் சேர்த்தேன்."

அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.  பிறகு சொன்னார். "கோபம் இல்லன்னு சொன்னா அது பொய். எனக்குக் கோபம் இருக்கு. என் பொண்ணு முன்னாடி மறுபடியும் ஒருத்தன் என்னை ஊதச் சொல்றது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியும். ஆபீஸ்ல வந்து சொல்லு. உன் பேரோட."

சரி என்றேன். வாசலில் செருப்பு போடும்போது, "அந்தக் கதவு அஞ்சடி. நான் எப்ப வெளிய வந்தாலும் தள்ளாடுற மாதிரிதான் இருக்கும்" என்றார். சிரிக்கவில்லை. ஆனாலும் அதை எனக்காகத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

உங்கள் கம்பெனி அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். பல நாளுக்குப் பிறகு நான் அவளோடு பேசியது அது. அவள் ஏன் என்று கேட்காமல் கடைக்கு விடுப்பு சொன்னாள். பஸ்ஸில் இருவரும் வேறு வேறு ஜன்னலில் உட்கார்ந்தோம்.

உள்ளே ஓர் அம்மையார், பக்கத்தில் ஒரு டாக்டர். நான் எழுதிய கடிதத்தை மேசையில் விரித்து வைத்திருந்தார்கள். என் எழுத்து எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா? எது பார்த்தது, எது சேர்த்தது என்று சொன்னேன். "வேற யாராவது எழுதச் சொன்னாங்களா?" என்று அந்த அம்மையார் கேட்டார். இல்லை என்றேன். இது இரண்டாவது பொய், உங்களுக்காகச் சொன்னது. என் பெயரையும் வகுப்பையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாமா உடனே பறக்க முடியாதாம். பரிசோதனைகள் பாதியில் இருக்கின்றன, அவை முடிந்துதான் ஆக வேண்டுமாம். ஒரு சொல்லை எடுத்துவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்தபோது என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மா நடைவழி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திறந்து, பெஞ்சில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டு, வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கையிலிருந்து வாங்காமல் நானே எடுத்துக் குடிக்கட்டும், என் சபதம் உடையாமல் இருக்கட்டும் என்று. இத்தனை மாதமும் அவள் செய்தது இதுதான் அப்பா. என் சபதத்தை என்னைவிட அவள்தான் காப்பாற்றியிருக்கிறாள்.

நான் பாட்டிலைத் தொடவில்லை.

"கையில கொடும்மா."

"அங்கதான இருக்கு."

"கையில கொடு."

"வேணாண்டி. அன்னைக்கு என்ன சொன்ன நீ? அப்பா பொண்ணே இல்லன்னு ஆயிடும்."

"ஆகட்டும்."

அவள் பாட்டிலை எடுத்து நீட்டினாள். உங்கள் பொத்தானைப் போட்டுவிட்ட அதே கை. வாங்கிக் குடித்தேன். முழுவதையும் குடித்தேன். அவளுக்கு ஒரு மடக்குகூட மிச்சம் வைக்கவில்லை என்று பிறகுதான் பார்த்தேன். இருவரும் சிரித்துவிட்டோம். அந்த அலுவலகத்து ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைசியாக ஒன்று. எனக்கு இன்னும் பழி தீரவில்லை. ஒருவர் பாக்கி இருக்கிறார். 'நன்றாகப் பார்த்து வை' என்று எழுதியவர். அந்தக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது, யாரிடமும் காட்ட மாட்டேன். ஆனால் நீங்கள் வெளியே வந்ததும் முதல் வேலையாகக் கொக்கு மாமா வீட்டுக்குப் போய், அந்த இஸ்திரி மேசைக்கு முன்னால் நின்று, உங்கள் வாயால் அதைச் சொல்ல வேண்டும். அதுவரை உங்கள் தொப்பிக்குத் தூசி தட்டப் போவதில்லை. கடிதத்திலும் இனி இப்படித்தான் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
அம்மாவின் மகள்